கரண்ட் வந்துவிட்டது, கணினி வரவில்லை

கேள்வி: பத்து வருடப் பழைய மேசைக் கணினி. போன கிழமை விண்டோஸ் அப்டேட் ஓடிக்கொண்டிருந்த நேரம் கரண்ட் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு எப்போது போட்டாலும் ‘ஓட்டோமெட்டிக் ரிப்பெயார்’ என்று நீலத் திரை வருகிறது, சுற்றுகிறது, ஓஃப் ஆகி மறுபடி அதே. கடையில் போர்மட் அடித்தால் சரி என்கிறார்கள். 2009 இடப்பெயர்வில் எங்கள் அல்பங்கள் எல்லாம் போய்விட்டன. கனடாவில் இருக்கும் சித்தி தன்னிடமிருந்த படங்களை ஸ்கான் செய்து ஈமெயிலில் அனுப்பியிருந்தா, அம்மம்மாவின் படம் என்று எங்களிடம் இருப்பது அதுதான். எல்லாம் இதற்குள்ளே. என்ன செய்ய?
— வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: போர்மட் அடிக்கக் கொடுக்காதீர்கள். இன்னும் கொடுக்கவில்லைதானே? கடைக்காரருக்கு அது அரை மணித்தியால வேலை, படம் போனால் போனது உங்களுக்கு.

முதலில் போனில் உங்கள் ஈமெயிலைத் திறந்து சித்தியின் பெயரைப் போட்டுத் தேடுங்கள், பழைய மெயிலை நீங்கள் அழிக்காவிட்டால் படங்கள் இன்னும் அதிலேயே இருக்கும். இல்லையென்றால் சித்திக்கு ஒரு வட்ஸ்அப். பலர் இதை யோசிக்காமல் நேரே ஸ்குரூ டிரைவரைத் தூக்குகிறார்கள்.

அங்கே கிடைக்காவிட்டாலும் பயப்பட வேண்டாம். நீலத் திரை வரை வருகிறது என்றால் மதர்போர்டும் (எல்லாப் பாகங்களும் பொருந்தும் பெரிய பலகை) றாமும் (தற்காலிக நினைவகத் துண்டு) அநேகமாக நல்லாய்த்தான் இருக்கின்றன, பாதியில் நின்ற அப்டேட்தான் விண்டோஸைக் குழப்பியிருக்கிறது. உங்கள் படங்கள் வேறு இடத்தில் பேசாமல் கிடக்கும். வேறொருவரின் கணினியில் உபுண்டுவை (விண்டோஸ் மாதிரி ஒரு இலவச இயங்குதளம்) இறக்கி ஒரு 8 ஜிபி பென் டிரைவில் ‘ரூபஸ்’ என்ற இலவச மென்பொருள் மூலம் ஏற்றுங்கள் (பென் டிரைவில் இருப்பது முழுக்க அழியும், வெறுமையானதாக எடுங்கள்). அதைச் செருகிவிட்டு, கணினியைப் போட்ட உடனே எஃப்12ஐத் தட்டுங்கள், சில கணினிகளில் எஃப்9, எஃப்11 அல்லது எஸ்கேப். பென் டிரைவைத் தெரிவு செய்தால் உபுண்டு எழும்பும். அங்கே ‘ட்ரை’ என்பதை மட்டும் அமத்துங்கள், ‘இன்ஸ்டோல்’ பக்கம் கையே போகக்கூடாது. உங்கள் சி டிரைவ் அதில் தெரியும், ‘யூசர்ஸ்’ என்ற போல்டருக்குள் போய் படங்களை இன்னொரு பென் டிரைவுக்குப் பிரதி எடுங்கள். ‘வாசிக்க மட்டும்’ என்று சொன்னால் பரவாயில்லை, எங்களுக்கு வாசிப்பதுதானே தேவை. ஆனால் ஹார்ட் டிஸ்கிலிருந்து டக், டக் என்று சத்தம் கேட்டால் அந்த நிமிடமே நிறுத்திவிடுங்கள், அது வேறு வருத்தம். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தால் மிச்சமும் போகும், தரவு மீட்கத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

படம் கைக்கு வந்த பிறகு ஆறுதலாகத் திருத்தலாம். நீலத் திரையில் ‘அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்’ போய், கடைசியாக வந்த அப்டேட்டை நீக்குங்கள், சரிவராவிட்டால் ‘சிஸ்டம் ரிஸ்டோர்’. அதுவும் இல்லையென்றால் ‘ரீசெட்’டில் ‘கீப் மை பைல்ஸ்’, ஆனால் நீங்கள் பின்னர் போட்ட மென்பொருள்கள் எல்லாம் போய்விடும். இன்னொன்று, விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது, பத்து வருடப் பெட்டியில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. உபுண்டுவையே வைத்திருந்தால் என்ன என்று கேட்கத் தோன்றுகிறது, ஆனால் அது உங்கள் விருப்பம்.

கேள்வி: பட்டனை அமத்தினால் காற்றாடி சுற்றுகிறது, லைற் எரிகிறது, திரையில் ஒன்றுமே இல்லை. மொனிட்டர் நல்லது, அயல்வீட்டுக் கணினியில் போட்டுப் பார்த்தோம்.
— வாசகர், விசுவமடு

பதில்: மொனிட்டரை வேறு கணினியில் போட்டுப் பார்த்தது நல்ல வேலை. மிச்சத்துக்கு என் சந்தேகம் றாம் மேல்தான், வன்னியின் செம்மண் புழுதி அப்படி. பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனைப் பத்து செக்கன் அமத்திப் பிடித்து மீதிக் கரண்டை வடிய விடுங்கள். மூடியைத் திறந்து ஒரு உலோகப் பகுதியைத் தொட்ட பிறகு, றாமின் இரண்டு பக்கக் கொளுவிகளையும் வெளியே தள்ளி அதை நேரே மேலே இழுங்கள். அடியில் பொன் நிறக் கீற்றுகள் வரிசையாக இருக்கும், அவை மங்கிப் போயிருந்தால் பள்ளிக்கூடப் பிள்ளையின் வெள்ளை அழிறப்பரால் மெல்லத் தேய்த்து, தூளை ஊதாமல் தூரிகையால் தட்டிவிடுங்கள் (வாயால் ஊதினால் எச்சிலும் போகும்). திரும்பச் செருகும்போது ‘கிளிக்’ என்று கேட்க வேண்டும். இரண்டு துண்டு இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள், எது பழுது என்று தெரிந்துவிடும்.

பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் பிரிக்காதீர்கள், பிளக் கழற்றிய பிறகும் உள்ளே கரண்ட் தங்கியிருக்கும். எங்கள் வீட்டுப் பெட்டியின் காற்றாடி நின்றபோது திருத்துபவர் திறந்து காட்டினார், உள்ளே காய்ந்து ஒட்டிய ஒரு பல்லி.

கேள்வி: ஒவ்வொரு நாளும் திகதி பழைய வருடத்துக்குப் போகிறது, இணையத்தில் பக்கங்களும் திறக்கவில்லை. வைரஸா?
— வாசகர், மல்லாவி

பதில்: வைரஸ் இல்லை, பற்றரி. மதர்போர்டில் காசு மாதிரி வட்டமாக ஒன்று இருக்கும், சீஆர்2032, 3 வோல்ட். திகதி பிழைத்தால் பாதுகாப்பான தளங்களும் திறக்க மறுக்கும். புதியதைப் போடுங்கள், கூட்டல் குறி உள்ள பக்கம் மேலே.