கடலுக்குப் போகிறவரும் ஒரு வருடக் காத்திருப்பும்

அன்புள்ள அண்ணனுக்கு,

பாம்பன் பக்கம் விசைப்படகில் வேலை பார்க்கிறேன். வயது 38. மனைவியும் பிள்ளைகளும் கத்தோலிக்கர்கள், நான் இன்னும் இல்லை. ஞானஸ்நானம் வேண்டும் என்று சாமியாரிடம் கேட்டதற்கு, "உபதேசியாரிடம் படிங்க, ஒரு வருஷம் போகட்டும், அடுத்த பாஸ்காவுக்கு, அதான் ஈஸ்டருக்குப் பார்ப்போம்" என்றார். கூட வேலை பார்க்கும் பெந்தகொஸ்தே நண்பர், "விசுவாசித்தால் போதும், வர்ற ஞாயிற்றுக்கிழமையே கடலில் முழுகலாம்" என்கிறார். கடலுக்குப் போகிறவன் ஒரு வருஷம் எப்படிக் காத்திருப்பது? நடுவில் ஏதாவது ஆகிவிட்டால்? செபங்களும் மனப்பாடம் ஆகவில்லை. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பிக்கு,

நடுவில் ஏதாவது ஆகிவிட்டால் என்பதை முதலில் பேசிவிடலாம். ஞானஸ்நானத்துக்கான ஆயத்தத்தில் சேர்ந்தவர் திருமுழுக்குக்கு, அதாவது ஞானஸ்நானத்துக்கு, முன்பே இறந்துபோனால், அடக்கத்தைப் பொறுத்தவரை அவரைக் கிறிஸ்தவராகவே எண்ண வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம். அவருடைய ஆசையே அவரைக் காப்பாற்றும் என்பது போதனை. உயிருக்கு ஆபத்து என்றால் சாமியாருக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். நீங்கள் கேட்டுக்கொண்டால், படகில் கூட இருப்பவர் தண்ணீர் ஊற்றி, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால் கொடுக்கலாம். திருச்சபை செய்வதைச் செய்கிறோம் என்ற எண்ணம் அவருக்கு இருந்தால் போதும். அவர் கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

முழுகுவதா, தலையில் ஊற்றுவதா என்பதில் எனக்குச் சண்டையில்லை. கத்தோலிக்கத்தில் இரண்டும் செல்லும். ஆனால் நண்பரின் சபையில் மூவொரு கடவுளின் பெயரால் பெற்றுவிட்டால், அப்புறம் மனைவியின் கோயிலில் மறுபடி கொடுக்க மாட்டார்கள். எந்தச் சபை என்று முடிவு செய்துவிட்டுத் தண்ணீரில் இறங்குங்கள்.

உங்கள் கரையில் அவசரமும் நடந்திருக்கிறது, நிதானமும் நடந்திருக்கிறது. 1536, 37 வாக்கில் கன்னியாகுமரியிலிருந்து வேதாளை வரை முத்துக்குளித்துறைப் பரவர்கள் ஊர் ஊராக ஞானஸ்நானம் பெற்றார்கள். பாதுகாப்புக்குப் போர்த்துக்கீசியரை நம்ப வேண்டியிருந்த நெருக்கடி அது. 1542இல் புனித பிரான்சிஸ் சவேரியார் வந்து பார்த்தால், தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்கு மேல் அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் உள்ளூர்க்காரர்களை வைத்துச் செபங்களைத் தமிழாக்கி, மணியடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். அந்த விசுவாசம் இன்றுவரை நிற்கிறது. அதனால் அவசரமாகப் பெற்றது வீண் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஓரியூர் கதை வேறு மாதிரி. மறவ இளவரசர் தடியத்தேவர் தீராத நோயில் கிடந்து, உபதேசியார் வந்து செபித்ததும் குணமாகி, ஞானஸ்நானம் கேட்டார். ஒரே மனைவியோடு வாழ்வதானால்தான் கொடுப்பேன் என்றார் அருளானந்தர் என்ற ஜான் டி பிரிட்டோ சாமியார். தேவர் ஒருவரை வைத்துக்கொண்டு மற்ற மனைவிகளை விலக்கினார். 1693 ஜனவரியில் ஞானஸ்நானம் நடந்தது. விலக்கப்பட்டவர்களில் ஒருவர் ராமநாதபுரம் அரசர் கிழவன் சேதுபதியின் உறவுப் பெண். அவர் அரசரிடம் முறையிட்டார். பிப்ரவரி 4ஆம் தேதி ஓரியூரில் அருளானந்தரின் தலை வெட்டப்பட்டது. திருவிழாவில் அவருடைய வீரத்தைப் பற்றிப் பிரசங்கம் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெண்கள் நினைவுதான் வரும். அவர்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் பேசுவதில்லை. ஒருவர் ஞானஸ்நானம் வாங்கினால் அது வீட்டில் உள்ள அத்தனை பேருக்கும் நடக்கிற காரியம். சாமியார் கேட்கிற ஒரு வருடம் உங்களுக்கு மட்டுமல்ல, உங்கள் வீட்டுக்கும் சேர்த்துத்தான்.

செபங்கள் பெரிய விஷயமில்லை. இரவில் பிள்ளைகளோடு சேர்ந்து சொன்னால் தானாக வந்துவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறதே, உபதேசியாரோடு உட்கார அதைவிட நல்ல நேரம் ஏது? ஞானத்தந்தையாக, உறுதிபூசுதல் என்ற விசுவாசத்தை உறுதிப்படுத்தும் சடங்கைப் பெற்ற கத்தோலிக்கர் ஒருவர் வேண்டும். கூடக் கடலுக்கு வருகிறவராகப் பாருங்கள், படகிலும் பேசலாம். உங்கள் கல்யாணம் கோயிலில் நடந்ததா, பதிவு மட்டும் செய்ததா என்பதை இப்போதே சாமியாரிடம் சொல்லிவிடுங்கள். கடைசி வாரத்தில் தெரிந்தால் இழுத்துக்கொண்டே போகும்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தின் முதல் ஞாயிற்றையொட்டிப் பெயர் பதிவார்கள். மூன்று, நான்கு, ஐந்தாம் ஞாயிறுகளில் சமாரியப் பெண், பிறவிக் குருடர், லாசர் நற்செய்திகளை வாசித்து உங்களுக்காக மன்றாடுவார்கள். பாஸ்கா இரவில் திருமுழுக்கு, உறுதிபூசுதல், நற்கருணை மூன்றும் ஒன்றாகக் கிடைக்கும். தொட்டிலில் கிடக்கும்போதே தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்ட என்னைப் போன்றவர்களுக்கு இதெல்லாம் கிடைக்கவில்லை. கொஞ்சம் பொறாமைதான். அதற்குள் எந்த நாளிலும் "வேண்டாம் சாமி" என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. மனைவி வருத்தப்படுவார் என்பதற்காக மட்டும் தொடராதீர்கள்.

அம்மாவிடம் மனைவியை அனுப்பிச் சொல்லவைக்க வேண்டாம். நீங்களே போய்ச் சொல்லுங்கள், அதுவும் வெளியிலிருந்து அவர் காதுக்குப் போகும் முன்பே. குலசாமி கும்பிட வருவாயா, நான் செத்தால் கொள்ளி வைப்பாயா என்றுதான் கேட்பார். இரண்டையும் சாமியாரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமாகக் கொள்ளி விஷயத்தில் மழுப்பாதீர்கள், அவருக்குத் தெரிந்தாக வேண்டியது அதுதான்.