தலைவலி என்று மட்டும் சொல்பவர்

கேள்வி: அமெரிக்காவின் சேக்ரமென்டோ நகரில் என் மகளின் அண்டை வீட்டிலிருக்கும் ஆப்கானியப் பெண்மணி, உறக்கமின்றித் தவித்தும், தலைவலி என்று மட்டும் சொல்லி மனநல மருத்துவரைத் தவிர்ப்பது ஏன்?
– வாசகி, வேளச்சேரி, சென்னை.

பதில்: 2021 ஆகஸ்டில் காபூல் தாலிபான் வசமானபின் அமெரிக்கா அழைத்துச்சென்ற 70,000-க்கும் மேற்பட்டோரில் பெரும்பாலோருக்கு முதலில் கிடைத்தது தற்காலிக அனுமதியே என்பதால், கண்ட கொடுமைகளின் நினைவோடு, விட்டுவந்த உறவினரைப் பற்றிய அச்சமும், நாளை எங்கிருப்போமோ என்ற கலக்கமும் அவர்களை வாட்டுகின்றன. மனநோய் என்றாலே ஊர் என்ன பேசும் என்ற கூச்சம் நாமும் அறிந்ததுதான். அதனால் துயரம் பலரிடம் உடல்வலியாகவே வெளிப்படுகிறது. தாரி, பஷ்தோ மொழிபெயர்ப்பாளர் கிடைக்காதபோது பிள்ளைகளே இடைநின்று பேச நேர்கிறது. மகன் முன்னிலையில் எந்தத் தாய் மனம் திறப்பார்? அங்கே அரசு நிதி பெறும் மருத்துவமனைகளில் கட்டணமற்ற மொழிபெயர்ப்பாளரைக் கேட்கும் உரிமை உண்டு. தங்கள் மகள் அதை எடுத்துச்சொல்லி, முதலில் பொது மருத்துவரிடம் துணையாகச் செல்லட்டும்.