நொண்டி வரும் புள்ளிப்புறாவைப் பிடிக்கலாமா?

கேள்வி: கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருக்கிறோம். பின்வளவில் அம்மா காலையில் தூவும் அரிசியை உண்ண வரும் புள்ளிப்புறாக்களில் ஒன்று, ஒரு கிழமையாக வலது காலை ஊன்றாமல் நொண்டுகிறது. விரல்கள் வீங்கியிருக்கின்றன, நூல் போல ஏதோ சுற்றியிருப்பதாகவும் தெரிகிறது. நன்றாகப் பறக்கிறது, உண்கிறது. அதைப் பிடித்து மஞ்சளும் நல்லெண்ணெயும் பூசி, ஆறும்வரை கூட்டில் வைத்திருக்கலாமா? அல்லது யாரிடமாவது ஒப்படைக்க வேண்டுமா?

பதில்: மஞ்சளையும் நல்லெண்ணெயையும் குசினியிலேயே வைத்துவிடுங்கள். பறவையின் இறகிழைகள் நுண்ணிய கொக்கிகளால் ஒன்றோடொன்று கொளுவி நிற்பதால்தான் மழைநீர் உள்ளே இறங்காமலும் உடற்சூடு வெளியேறாமலும் இருக்கின்றன. எண்ணெய் பட்ட இடத்தில் அந்தப் பிணைப்புக் குலைந்துவிடும். போதாததற்கு, பறவை அந்த இடத்தை அலகால் கோதிக் கோதி, பூசியதையெல்லாம் விழுங்கியும்விடும். தைலங்களுக்கும் இதுவே பொருந்தும். வலிக்குமே என்று பனடோல் குளிசையைக் கரைத்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். பாலூட்டிகளுக்கு ஒத்துக்கொள்ளும் மருந்து பறவைக்கு நஞ்சாகலாம் என்பதை நமது பிராந்தியம் கசப்பாகவே அறிந்துகொண்டது: மாடுகளுக்குக் கொடுக்கப்பட்ட டைக்ளோஃபினாக் என்னும் வலிநிவாரணி, இறந்த மாடுகளைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகங்களைச் செயலிழக்கச் செய்து அவற்றைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றதால், இந்தியா 2006ஆம் ஆண்டில் அதன் கால்நடைப் பயன்பாட்டைத் தடை செய்தது.

அடுத்தது, பிடிப்பதா என்ற கேள்வி. பறக்கவும் உண்ணவும் முடிகிற காட்டுப் பறவையைப் பிடிக்கக் கூடாது என்பதே என் பொதுவான அறிவுரை. ஒற்றைக் காலுடன் ஆண்டுக்கணக்காக வாழும் புறாக்கள் உண்டு. பிடிபடும் அச்சமோ, காயத்தைவிடக் கூடிய தீங்கைச் செய்யக்கூடியது. புறாவினம் பகையின் பிடியில் சிக்கினால் இறகுகளைக் கழற்றிவிட்டுத் தப்பும் இயல்புடையது. நான் முதன்முதலாகப் பிடித்த புறா, வால் இறகுகள் அத்தனையையும் என் கையில் விட்டுவிட்டுப் போய்விட்டது. இன்னொன்றையும் கருதுங்கள். ஆணும் பெண்ணுமாக இரண்டு புறாக்களுமே தொண்டைப்பையில் சுரக்கும் பாலைக் குஞ்சுகளுக்கு ஊட்டுகின்றன. எங்கோ ஒரு மாமரத்தில் குஞ்சுகள் காத்திருக்கும்போது நீங்கள் பெற்றோரில் ஒன்றைக் கூட்டில் அடைத்தால், அந்த இழப்பு உங்கள் கண்ணுக்குத் தெரியாமலே நடந்து முடிந்துவிடும்.

இந்த விதிக்கு ஒரு விலக்கு உண்டு. உங்கள் புறா அதற்குள் அடங்கக்கூடும். சுளுக்கும் சிறு காயமும் தாமாக ஆறும். ஆனால் விரலைச் சுற்றிய நூல் தானாக அவிழ்வதில்லை. வீக்கம் கூடக்கூட இன்னும் இறுகி, இரத்த ஓட்டத்தை நிறுத்தி, விரலைக் கறுக்கச் செய்து, இறுதியில் அறுத்தே விடும். புறக்கோட்டையில் நடைபாதை மாடப்புறாக்களின் கால்களை உற்றுப் பாருங்கள், விரல் குறைந்தவை கண்ணில் படும். தரையில் நடந்தே இரை தேடும் பறவைகள் ஆதலால், தலைமுடியும் தையல் நூலும் பட்டம் விடும் நூலும் அவற்றின் கால்களில்தான் சிக்குகின்றன. தையற்கடைகள் நிறைந்த வெள்ளவத்தையில் நூலுக்குப் பஞ்சமில்லை. கால்வாய் ஓரத்திலும் கடற்கரையிலும் கைவிடப்படும் நைலோன் தூண்டில் நரம்பு எல்லாவற்றிலும் மோசமானது, ஏனெனில் அது உக்குவதே இல்லை.

ஆகவே முதலில் அது நூல்தானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். கிட்டப் போகாமல், யன்னலுக்குப் பின்னால் நின்று கைத்தொலைபேசியில் பெருப்பித்துப் படமெடுத்துப் பாருங்கள். விரலில் கோடு போட்டதுபோன்ற பள்ளமும், அதற்குக் கீழ்ப்பகுதி மட்டும் வீங்கியும் இருந்தால் நூல் எனக் கொள்ளலாம். மாறாக, காலிலோ கண்ணோரத்திலோ அலகடியிலோ மருப்போன்ற பருக்கள் தெரிந்தால் அது பெரும்பாலும் பறவை அம்மை. நுளம்புகளாலும் பரவும் அந்த நோய், பார்க்க அச்சமூட்டினாலும் பல பறவைகளில் சில கிழமைகளில் தானாகவே தணிந்துவிடும். அப்படியாயின் பிடிக்க வேண்டாம், இரையிடுவதைச் சில கிழமைகளுக்கு நிறுத்தி மற்றப் பறவைகள் நெருங்கிக் கூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நூல் என்று தெளிவானால், துரத்திப் பிடிக்க முனையாதீர்கள். துணி போடும் பெரிய பிளாஸ்ரிக் கூடையொன்றை வழக்கமாக அரிசி தூவும் இடத்தில் ஒரு பக்கம் தடியால் முட்டுக்கொடுத்துச் சாய்த்து வைத்து, மூன்று நான்கு நாட்களுக்கு ஒன்றும் செய்யாமல் விடுங்கள். புறாக்கள் அதன் கீழே அச்சமின்றி மேயப் பழகிய பின்னரே, தடியில் கட்டிய கயிற்றை வீட்டினுள் இருந்து இழுக்க வேண்டும். கூடை விழும்போது வேறு பறவைகள் விளிம்பில் நிற்கக் கூடாது. விழுந்தவுடன் மேலே ஒரு துவாயைப் போட்டு இருட்டாக்கினால் பதைப்பு அடங்கும்.

பிடிக்கும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். நமக்கு நெஞ்சறையையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் பறவைக்கு இல்லை. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அதற்கு மூச்சு. மூக்கும் வாயும் திறந்தே இருந்தாலும், மார்பை இறுக்கிப் பிடித்தால் புறா உங்கள் கையிலேயே மூச்சடைத்து இறந்துவிடும். மெல்லிய துணியால் சிறகுகளை உடலோடு மடித்து, முதுகுப்புறமிருந்து இரு கைகளாலும் தளர்வாக ஏந்துங்கள். மார்பில் விரல் அழுந்தக் கூடாது. ஒருவர் பிடிக்க மற்றவர் வெட்டுவதே பாதுகாப்பு. கூர்முனைச் சிறு கத்தரிக்கோல், வெளிச்சம், தேவையானால் அம்மாவின் மூக்குக்கண்ணாடி, இவை போதும். வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்து நூலை ஊறவிட்டு, தளர்வாக இருக்கும் இழையில் கத்தரிக்கோல் முனையை நுழைத்து வெட்டுங்கள். எக்காரணம் கொண்டும் இழுக்க வேண்டாம். நூல் தசைக்குள் புதைந்திருந்தாலோ, விரல் கறுத்து உலர்ந்திருந்தாலோ, அங்கேயே நிறுத்திவிடுவதுதான் திறமை. அதற்கு மேல் மிருக வைத்தியரின் வேலை.

இரத்தத்தைப் பற்றி ஒரு கணக்குச் சொல்கிறேன். புள்ளிப்புறா ஏறத்தாழ 150 கிராம் எடையுள்ளது. உடலில் உள்ள இரத்தம் எடையில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்தால் 15 மில்லிலீற்றர். ஒரு தேக்கரண்டி இரத்தம் போனால் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள். துளி கசிந்தால் சுத்தமான பஞ்சால் ஓரிரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நிற்காவிட்டால் வேலையை விட்டுவிட்டு வைத்தியரிடம் புறப்படுங்கள். பறவை வாயைத் திறந்து இரைக்கத் தொடங்கினாலும், ஐந்து நிமிடத்துக்கு மேலாகிவிட்டாலும், நூல் பாதி அறுந்திருந்தால்கூட, அதைப் பெட்டிக்குள் வைத்து ஓய்வெடுக்க விடுங்கள்.

பெட்டி என்றால் கம்பிக் கூடு அல்ல. கம்பியில் மோதிச் சிறகையும் நெற்றியையும் காயப்படுத்திக்கொள்ளும். மூச்சுத்துளைகள் இட்ட கடதாசி மட்டைப் பெட்டியில் பழைய துவாயை விரித்து, மூடி, மின்விசிறிக்கும் குளிரூட்டிக்கும் எட்டாத அமைதியான மூலையில் வையுங்கள். பறவையின் இயல்பான உடற்சூடே 40 பாகை செல்சியசைத் தாண்டியது என்பதால், நமக்கு இதமான குளிர் நோயுற்ற பறவைக்கு இதமன்று. பிள்ளைகள் எட்டிப் பார்ப்பதும் தடவிக் கொடுப்பதும் அன்பாக நமக்குத் தெரியலாம். புறாவுக்கு அது பருந்தின் பார்வை. வாயில் நீர் ஊற்றவே கூடாது. மூச்சுக்குழலின் வாய் நாக்கின் பின்னடியிலேயே திறந்திருப்பதால், நாம் விடும் நீர் நேரே அதற்குள் இறங்கிவிடும். பாலில் நனைத்த பாணும் வேண்டாம். இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருக்க நேர்ந்தால் தாழ்வான பாத்திரத்தில் நீரும், சிறிது அரிசியோ பயறோ குரக்கனோ வையுங்கள்.

நூல் முழுதும் அகன்று, காலில் சூடும் நிறமும் இருந்து, புறா பெட்டிக்குள் நிமிர்ந்து நின்றால், அன்றே பிடித்த இடத்திலேயே விடலாம். காலை வேளையே நல்லது. மாலையில் அடையப் போகும் காகக் கூட்டத்தின் நடுவே தடுமாறும் பறவையை விடுவது, அவற்றுக்கு விருந்து வைப்பதற்கு ஒப்பாகும். இதற்கிடையில் பூனை கவ்வியிருந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம். காயம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் பூனையின் பல்லிலுள்ள பாஸ்ற்றுரெல்லா கிருமி ஓரிரு நாட்களுக்குள் பறவையைக் கொல்லக்கூடியது. அன்றைக்கே நுண்ணுயிர்க்கொல்லி தேவைப்படும்.

ஆறும்வரை கூட்டில் வைத்திருக்கும் யோசனைக்குச் சட்டமும் இடம் தருவதில்லை. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, விதிவிலக்கான சிலவற்றைத் தவிர, இந்நாட்டின் காட்டுப் பறவைகளைப் பிடித்து வைத்திருப்பது குற்றம். உடனே விட முடியாத நிலையில் இருந்தால், பத்தரமுல்லையைத் தலைமையிடமாகக் கொண்ட வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு 1992 என்ற இலக்கத்தில் அறிவியுங்கள். அத்திடியவில் உள்ள அவர்களது அலுவலகம் உங்களுக்குத் தொலைவில்லை. தனியார் மிருக வைத்தியர்களில் எல்லோரும் காட்டுப் பறவைகளைப் பார்ப்பதில்லை ஆதலால், பெட்டியோடு முச்சக்கர வண்டியில் ஏறும் முன் தொலைபேசியில் கேட்டுக்கொள்வது நல்லது. கையாண்ட பிறகு சவர்க்காரமிட்டுக் கை கழுவுங்கள். புறா எச்சத்திலிருந்து மனிதருக்குத் தொற்றும் நோய்கள் உண்டு.

பறவை அம்மை இல்லையென்றால், அம்மா அரிசி தூவுவதை நிறுத்த வேண்டியதில்லை. இடத்தை மட்டும் இரண்டு நாளுக்கொருமுறை மாற்றி, நீர்க்கோப்பையை நாள்தோறும் கழுவச் சொல்லுங்கள், ஏனெனில் புறாக்களின் தொண்டைப்புண் நோய் பல பறவைகள் சேர்ந்து குடிக்கும் நீரினூடாகவும் பரவுகிறது. அரிசி தூவும் முன்னர் வளவைக் கூட்டும்போது, சீப்பிலிருந்து உதிர்ந்த முடிச்சுருளும் தையல் நூலும் கிடக்கின்றனவா என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும்.