கணினி இல்லாத பழைய வண்டியில் 700ஆர்4 கியர்பாக்ஸின் லாக்-அப்பை எப்படி வயரிங் செய்வது?

கார்புரேட்டர் வண்டியில் 700ஆர்4 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைப் பொருத்தியிருப்பதாகவும், டாஷ்போர்டில் ஒரு சுவிட்ச் வைத்து டார்க் கன்வெர்ட்டரின் லாக்-அப் சோலனாய்டுக்கு (மின்சாரத்தால் இயங்கும் வால்வுக்கு) 12 வோல்ட் கொடுத்தால் போதாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். லாக்-அப் பிடிக்கும், ஆனால் அந்த ஒரு சுவிட்சை மட்டும் நம்பி வண்டியைச் சாலைக்கு எடுத்துச் செல்லாதீர்கள் என்பதே என் பதில். என்னுடைய பழைய ஷெவ்ரலே பிக்கப்பில் இதே வயரிங்கை நானே செய்து ஓட்டி வருவதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கன்வெர்ட்டருக்குள் இன்ஜினோடு சுழலும் பகுதிக்கும் கியர்பாக்ஸோடு சுழலும் டர்பைனுக்கும் இடையே ஆயில்தான் விசையைக் கடத்துகிறது என்பதால், சீரான வேகத்தில் போகும்போதும் டர்பைன் சற்றுப் பின்தங்கியே சுழலும்; அந்த வழுக்கலில் வீணாகும் ஆற்றல் ஆயிலைச் சூடாக்கும். இரண்டையும் ஒரு கிளட்சால் நேரடியாகப் பிணைத்து அந்த வழுக்கலை நிறுத்துவதே லாக்-அப். ஜெனரல் மோட்டார்ஸ் 1982-இல் கொண்டுவந்த இந்தக் கியர்பாக்ஸின் நான்காவது கியர் 0.70 விகிதம் கொண்ட ஓவர்டிரைவ். அதில் இன்ஜின் மெதுவாகச் சுற்றுவதால் கன்வெர்ட்டரின் வழுக்கல் கூடுகிறது. லாக்-அப் இல்லாமல் நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக ஓட்டினால் ஆயில் கருகி, கிளட்சுகளும் தேயும். ஆகவே லாக்-அப்பை எரிபொருள் மிச்சத்துக்கான வசதி என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள்.

சோலனாய்டின் வேலை எளிது. மின்சாரம் இல்லாதபோது அது ஆயில் அழுத்தத்தை வெளியேற விடுகிறது. மின்சாரம் வந்ததும் அந்த வழியை அடைக்கிறது. தேங்கிய அழுத்தம் வால்வை நகர்த்த, கன்வெர்ட்டருக்குள் ஆயில் பாயும் திசை மாறி, கிளட்ச் தட்டு இன்ஜினோடு சுழலும் முன்மூடியோடு அழுந்திப் பிடித்துக்கொள்கிறது. பிடித்தபின் இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒன்றாகச் சுழல்வதால், அவசரமாகப் பிரேக் போடும்போது அது விடுபடாவிட்டால், கிளட்சை மிதிக்காமல் நிறுத்திய மேனுவல் வண்டியைப் போல இன்ஜின் அணைந்துவிடலாம். பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியில் அந்த நொடியே ஸ்டியரிங்கும் கனத்துவிடும். கைச்சுவிட்சை அந்த நேரத்தில் யாரும் தேடிக்கொண்டிருக்க முடியாது.

எனவே, இக்னிஷன் சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் இடத்திலிருந்து 10 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக வயரை எடுத்து, முதலில் பிரேக் பெடல் சுவிட்சுக்குக் கொண்டுசெல்லுங்கள். பிரேக் விளக்கின் சுவிட்ச் இதற்கு உதவாது, ஏனெனில் அது மிதித்தால் இணைவது. நமக்கு வேண்டியது மிதித்தால் துண்டிப்பது. அங்கிருந்து வேக்யூம் சுவிட்சுக்கும், அதிலிருந்து கியர்பாக்ஸின் இடப்பக்கத்தில் உள்ள நான்கு முனைக் கனெக்டரின் 'ஏ' முனைக்கும் வயர் போக வேண்டும். முனைகளின் எழுத்துகள் கனெக்டரிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். கணினி உள்ள வண்டியில் 'டி' முனைக்குக் கணினிதான் எர்த் கொடுக்கும். உங்கள் வண்டியில், ஆயில் பேனைக் கழற்றி, சோலனாய்டின் எர்த் வயரை வால்வு பாடியில் (ஆயில் அழுத்தத்தைப் பங்கிடும் வால்வுகள் உள்ள பகுதியில்) நான்காவது கியர் அழுத்தம் வரும் துளையில் பொருத்திய ஒற்றை முனைப் பிரஷர் சுவிட்சோடு இணைப்பதே சிறந்த வழி. அழுத்தம் வந்தால் மட்டுமே இணையும் வகைச் சுவிட்சாகப் பார்த்து வாங்குங்கள். அப்போதுதான் நான்காவது கியர் விழுந்த பிறகு மட்டும் எர்த் கிடைக்கும். நீங்கள் விரும்பும் டாஷ்போர்டு சுவிட்சையும் இதே வரிசையில் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம், அதில் தவறில்லை.

வேக்யூம் சுவிட்ச், ஆக்சிலரேட்டரை ஆழமாக மிதிக்கும்போது இன்ஜினின் வேக்யூம் குறைவதால் மின்சாரத்தைத் துண்டித்து லாக்-அப்பை விடுவித்து, முந்துவதற்கு வேண்டிய இழுவையைத் திரும்பத் தருகிறது. அதன் குழாயை, ஐடிலில் வேக்யூம் வராத கார்புரேட்டர் முனையில் பொருத்துங்கள். இன்டேக் மேனிஃபோல்டில் நேரடியாகப் பொருத்தினால், காலை எடுத்தவுடன் வேக்யூம் உச்சத்துக்குப் போவதால், இறக்கத்திலும் லாக்-அப் விடாது.

முடித்ததும், இக்னிஷனை மட்டும் ஆன் செய்து, வேக்யூம் சுவிட்சின் இரு முனைகளையும் தற்காலிகமாக இணைத்துவிட்டு, 'ஏ' முனையில் டெஸ்ட் லேம்ப்பை வையுங்கள். பிரேக் பெடலைத் தொட்டதும் அது அணைய வேண்டும். பிறகு அந்தத் தற்காலிக இணைப்பை எடுத்துவிட்டு, பின்னால் வண்டி வராத நெடுஞ்சாலையில் நான்காவது கியரில் சீராகப் போகும்போது, வேகம் குறையாத அளவுக்குப் பிரேக் பெடலை இலேசாகத் தொட்டால், இன்ஜின் சுழலும் வேகத்தைக் காட்டும் டாக்கோமீட்டரின் முள் சட்டென ஏறும்; எடுத்தால் பழைய இடத்துக்கு இறங்கும். அந்த அசைவு தெரியாவிட்டால் லாக்-அப் பிடிக்கவில்லை.

கார்புரேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் டிவி (த்ராட்டில் வால்வு) கேபிளைச் சரிபார்க்காமல் இந்தச் சோதனை ஓட்டத்துக்குக்கூடப் போகாதீர்கள். ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதிக்கும்போது அந்தக் கேபிள் முழு நீளத்துக்கும் இழுபட வேண்டும். அது தளர்ந்திருந்தால் ஆயில் அழுத்தம் குறைந்து, வயரிங் எவ்வளவு சரியாக இருந்தாலும், மூன்றாவது நான்காவது கியர்களின் கிளட்ச் விரைவில் எரிந்துபோகும்.