மூன்று வண்டியும் ஒரே நாளில் படுத்தது ஏன்?

வணக்கம் சார்,

நாங்கள் நான்கு நண்பர்கள், மூன்று கார்கள். பல மாதம் திட்டம் போட்டு முதல்முறையாக ஒரு டிராக் டேக்கு, அதாவது ரேஸ் தடத்தில் சொந்த வண்டியை ஓட்டிப்பார்க்கும் நாளுக்கு, போனோம். மூன்றுமே தினமும் ஓட்டுகிற வண்டிகள்தான், ஒருநாளும் மக்கர் செய்ததில்லை. போவதற்கு முன்பு சர்வீஸும் செய்தோம். ஆனாலும் மதியத்துக்குள் மூன்றும் படுத்துவிட்டன.

முதல் வண்டியில் பிரேக் பெடல் தரைவரை இறங்கியது. பிட்டில், அதாவது தடத்தை ஒட்டி வண்டி நிறுத்தும் இடத்தில், சற்று நேரம் நிறுத்தியதும் பெடல் பழையபடி ஆகவே நண்பன் மறுபடி கிளம்பினான். அடுத்த சுற்றிலேயே பிரேக் பிடிக்காமல் சரளைக்குள் போய் நின்றான். நல்லவேளை, அடி எதுவும் இல்லை. இரண்டாவது வண்டியில் ரேடியேட்டர் ஹோஸ் வெடித்தது. வழியெல்லாம் ஒழுகினாலும் எப்படியோ பிட்வரை ஓட்டிவந்து சேர்த்துவிட்டான். என் வண்டியில் நீண்ட வளைவுகளில் மட்டும் ஆயில் விளக்கு மினுக்கியது. இப்போது எஞ்சினின் அடியிலிருந்து டொக் டொக்கென்று சத்தம். வண்டி இல்லாமல் வந்த நான்காவது நண்பனுக்கு ஓட்டவே கிடைக்கவில்லை. நாள் முழுக்க ஜாக்கியும் ஸ்பேனருமாக எங்களோடு மல்லுக்கட்டினான். திரும்பி வந்ததிலிருந்து யாரும் சரியாகப் பேசிக்கொள்வதில்லை. எங்கள் வண்டிகள் மோசமானவையா? இனிமேல் போகலாமா?

அன்புடன்,
ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் உங்கள் வண்டிக்கு வருகிறேன், அதுதான் அவசரம். அந்த எஞ்சினை இனி ஸ்டார்ட் செய்யாதீர்கள், சத்தத்தை மெக்கானிக்குக் கேட்கவைப்பதற்காகக்கூட. வளைவில் வண்டி திரும்பும்போது எஞ்சினின் அடித்தொட்டியான சம்ப்பில் இருக்கும் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கும். சாலை வளைவுகளில் அது உடனே திரும்பிவிடும். டிராக்கில் வளைவு நீண்டுகொண்டே போவதால், உறிஞ்சும் குழாயின் வாய் காற்றில் நின்றுவிடும். அந்தச் சில நொடிகளில் எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் ஷாஃப்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவே இருக்க வேண்டிய மெல்லிய ஆயில் படலம் அறுந்துபோகிறது. விளக்கு மினுக்கியது அதைத்தான் சொன்னது. ஆயில் ஃபில்டரை அறுத்து, உள்ளே இருக்கும் மடிப்புத் தாளை வெளிச்சத்தில் விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மினுமினுப்பான துகள்கள் தெரிந்தால் பேரிங் போய்விட்டது. அத்தோடு நிறுத்தினால் எஞ்சினைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. தொடர்ந்து ஓட்டினால் கிராங்கும் போய்விடும்.

சரி, மூன்றும் ஒரே நாளில் எப்படி? உங்கள் வண்டிகள் மோசமானவை அல்ல. சாலையில் நாம் எஞ்சினின் முழுச் சக்தியைக் கேட்பது எப்போதாவது சில நொடிகள்தான். டிராக்கில் அதை இருபது நிமிடம் திரும்பத் திரும்பக் கேட்கிறோம். 1,200 கிலோ எடையுள்ள காரை மணிக்கு 160 கிலோமீட்டரிலிருந்து 60-க்குக் கொண்டுவந்தால் சுமார் 10 லட்சம் ஜூல் வெளியே போயாக வேண்டும். மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். அதில் பெரும்பங்கு சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிஸ்க்கிலும் அதைக் கவ்வும் பேடிலும்தான் இறங்குகிறது. டிஸ்க் ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடுகிறது.

உங்கள் நண்பரின் பெடல் கதையைப் படித்தபோது எனக்குப் பயமாகவே இருந்தது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொள்ளும். புதிய டாட் 4 தர பிரேக் ஆயில் குறைந்தபட்சம் 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறியபின் அதே ஆயிலுக்கு விதி கேட்பது 155 டிகிரிதான். கொதித்தால் குமிழி உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, குமிழியை அமுக்கலாம். அதனால் கால் தரைவரை போகிறது, பேடுக்கு அழுத்தம் போவதில்லை. ஆறியதும் குமிழி மறுபடி திரவமாகிவிடும், பெடல் கெட்டியாகத் தெரியும். ஆனால் ஆயில் அதே ஆயில்தான், சூடேறியதும் திரும்பவும் கொதிக்கும். ஒருமுறை பெடல் இறங்கிவிட்டால் புது ஆயில் ஊற்றி, காற்றை முழுதாக வெளியேற்றும்வரை அந்த வண்டிக்கு அன்றைய நாள் முடிந்தது. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. சர்வீஸ் செய்தோம் என்கிறீர்கள். சாதாரண சர்வீஸில் பெரும்பாலும் பிரேக் ஆயிலின் அளவைத்தான் பார்ப்பார்கள், மாற்றச் சொல்லிக் கேட்டால்தான் மாற்றுவார்கள்.

ஹோஸ் விஷயத்தில் உங்களோடு எனக்கு வருத்தம் உண்டு. வெடித்ததற்காக அல்ல. பழைய ரப்பர், அதிக அழுத்தம், வெடிக்கத்தான் செய்யும். ஒழுக ஒழுகப் பிட்வரை கொண்டுவந்ததை ஒரு சாமர்த்தியம்போல எழுதியிருக்கிறீர்கள், அதைத்தான் சொல்கிறேன். ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட்டில் உள்ள கிளைக்கால் என்ற ரசாயனம் வழுவழுப்பானது, தண்ணீர்போலச் சீக்கிரம் காய்ந்தும் போகாது. இதனாலேயே பல தடங்களில், குறிப்பாக பைக் ஓட்டுபவர்களிடம், ரேடியேட்டரில் வெறும் தண்ணீர்தான் இருக்க வேண்டும் என்கிறார்கள். பின்னால் வருகிறவர் நம்பி பிரேக் பிடிக்கும் அதே கோட்டில்தான் உங்கள் நண்பர் அதைத் தெளித்துக்கொண்டு வந்திருக்கிறார். ஆவியோ புகையோ தெரிந்தாலும், டெம்பரேச்சர் முள் சட்டென்று ஏறினாலும், எல்லோரும் போகும் கோட்டைவிட்டு உடனே விலக வேண்டும். தடத்துக்கு வெளியே, தடத்தோரம் கொடியோடு நிற்கும் மார்ஷல் கண்ணில் படும் இடமாகப் பார்த்து நிறுத்திவிட வேண்டும். இழுத்துவர வண்டி வரும். கறுப்பில் ஆரஞ்சு வட்டம் போட்ட கொடியை உங்களுக்குக் காட்டினால் வண்டியில் கோளாறு என்று பொருள். சிவப்பும் மஞ்சளும் பட்டை பட்டையாக இருந்தால் முன்னால் தடம் வழுக்குகிறது. காலையில் சொல்லும் விதிகளை நாம் பாதிக் காதோடு கேட்கிறோம், ஆனால் அவை முன்பின் தெரியாத மனிதர்களின் உயிரைப் பற்றியவை.

அப்புறம் உங்கள் நட்பு. நான்காவது நண்பரிடம் யாராவது வாய்விட்டு நன்றி சொன்னீர்களா? கடிதத்தில் அப்படி ஒரு வரி இல்லை. நாள் முழுக்க அடுத்தவர் வண்டிக்கடியில் கிடந்தவர் அவர். மற்றவர்களுக்குக் கோளாறு, அவருக்கு ஏமாற்றம். இரண்டும் ஒன்றல்ல. முதலில் அவருக்கு ஃபோன் போடுங்கள்.

மறுபடி போகலாமா என்றால், தாராளமாகப் போங்கள். ஆனால் மூன்று அரைகுறை வண்டிகளுக்குப் பதிலாக, நன்றாகத் தயார் செய்த இரண்டு வண்டிகளோடு போங்கள். ஒரு வண்டிக்கு இரண்டு பேர். செலவையும் உழைப்பையும் அந்த இரண்டிலேயே கொட்டலாம்: புது பிரேக் ஆயில், சூடு தாங்கும் பேட், புது ஹோஸ், புது ரேடியேட்டர் மூடி, டிப்ஸ்டிக்கின் மேல்கோடுவரை எஞ்சின் ஆயில். மூன்றாவது ஆளைச் சேர்க்காதீர்கள், வண்டிக்கு ஆற நேரமிருக்காது. ஒவ்வொரு செஷனிலும் கடைசிச் சுற்றை பிரேக்கைத் தொடாமல் மெதுவாக ஓட்டுங்கள். பிட்டில் ஹேண்ட்பிரேக் போடாமல் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். சூடான டிஸ்க்கைப் பேட் கவ்விக்கொண்டு நிற்பது நல்லதல்ல. வீல் நட்டுகளை, இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்ச் வைத்துச் சரிபாருங்கள்.

பணத்தையும் கிளம்புவதற்கு முன்பே பேசிவிடுங்கள். டயர், பேட், ஆயில், பெட்ரோல் எல்லாம் பொது. இடித்தால் ஓட்டியவர் பொறுப்பு. ஏதாவது தானாகப் பழுதானால் அது வண்டிக்காரரோடு. அந்த நேரம் சீட்டில் இருந்தவர் தலையில் கட்டுவது நியாயமில்லை, வெடித்த ஹோஸ் பல வருடமாக இற்றுப்போய்க் கொண்டிருந்ததுதான். இதைப் பேசாமல் போனால், வண்டி சரியானாலும் மனக்கசப்பு தீராது.

சம்ப்பைக் கழற்றிப் பார்த்ததும் என்ன தெரிந்தது என்று எழுதுங்கள்.

அன்புடன்