8 வருட ஜேசிபி, 4,200 மணி: நம்பி வாங்கலாமா?

கேள்வி: பாலக்கோட்டில் டிராக்டர் ஓட்டுகிறேன். பண்ணைக் குட்டை, வரப்பு, அஸ்திவார வேலைக்காக ஓசூர்ப் பக்கம் ஒரு பழைய ஜேசிபி பார்த்து வைத்திருக்கிறேன். 8 வருட வண்டி, மீட்டரில் 4,200 மணி. வாங்கலாமா, மாத வாடகைக்கு எடுக்கலாமா?

பதில்: அந்த 4,200-ஐ முதலில் 8 வருடத்தின் 96 மாதத்தால் வகுத்துப் பாருங்கள். மாதத்துக்கு 44 மணிகூட வராது. வாடகைக்கு ஓடும் வண்டி அதை ஒரே வாரத்தில் ஓடிவிடும். சொந்தத் தோட்டத்துக்கு வைத்திருந்த வண்டி என்றால் சரி. வாடகை வண்டி என்றால், பெடல் ரப்பரும் லிவர் முனையும் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று பாருங்கள். மீட்டர் சொல்லாததை அவை சொல்லும்.

மணியைவிட நம் பக்கத்தில் முக்கியம், அது பிரேக்கர் (பக்கெட்டுக்குப் பதில் மாட்டும் பாறை உடைக்கும் கருவி) மாட்டி ஓடியதா என்பது. தர்மபுரி, கிருஷ்ணகிரியில் பல இடங்களில் கொஞ்சம் தோண்டினாலே பாறைதான். பாறை உடைத்த வண்டியில் மூட்டுகளில் இருக்கும் பின் (pin), புஷ், பக்கெட்டைத் தாங்கும் பெரிய கையான பூம் எல்லாமே அடி வாங்கியிருக்கும். பிரேக்கருக்கான தனி ஹைட்ராலிக் குழாய் பூம் ஓரமாகப் போகிறதா, கழற்றிய கிளாம்ப் தடமாவது இருக்கிறதா என்று தேடுங்கள். பூமில் ஓரிடம் மட்டும் புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் விரலால் தடவுங்கள். விரிசலை வெல்டு வைத்து மூடியிருந்தால் அந்த மேடு விரலில் தட்டும். ஒரு முறை நான் தடவிப் பார்க்காமல் வாங்கினேன். மூன்றாம் மாதம் அதே இடத்தில் பிளந்தது.

காலையில் சொல்லாமல் போங்கள். இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் ஆவதை நீங்களே பார்க்க வேண்டும். அப்புறம் பின் பக்கெட்டில் மண் அள்ளி, ஒரு முழம் தூக்கி நிறுத்தி, இஞ்சினை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் தள்ளி நின்று பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இறங்கினால் சிலிண்டர் சீலிலோ வால்விலோ செலவு இருக்கிறது. அருகில் யாரையும் நிற்க விடாதீர்கள்.

ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் இருந்தால், அவர்கள் தரும் என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்), கடன் பதிவை நீக்குவதற்கான படிவம் 35-ம் கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30.

என்னைக் கேட்டால், முதலில் மூன்று மாதம் வாடகைக்கு எடுங்கள். குட்டை வெட்டுவது மழைக்கு முந்தைய வேலை. மழை பிடித்தால் வண்டி நிற்கும், தவணை நிற்காது. மாதத்துக்கு எத்தனை மணி, டீசல், ஆபரேட்டர் பேட்டா, பக்கெட் பல், டயர் யார் செலவு என்பதை எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

வாங்கினாலும் வாடகைக்கு எடுத்தாலும், தினமும் வேலைக்கு முன் எல்லா பின்னுக்கும் கிரீஸ் அடிக்கச் சொல்லுங்கள். பழைய கறுப்புக் கிரீஸ் வெளியேறி, புதுசு எட்டிப் பார்க்கும்வரை அடிக்க வேண்டும். ஏர் ஃபில்டரில் உள்ளே இருக்கும் சின்ன ஃபில்டரைக் காற்றடித்துச் சுத்தம் செய்யக் கூடாது; புதுசுதான் மாற்ற வேண்டும். அதில் ஓட்டை விழுந்தால் புழுதி நேராக இஞ்சினுக்குள் போகும்.