மாத்திரை சாப்பிட்டும் கோவம் அடங்கலையே அக்கா

கேள்வி: எம் மவளுக்கு 22 வயசு, பார்டர்லைன் பர்சனாலிட்டி டிஸ்ஆர்டர்னு டாக்டர் சொன்னாவ. கொஞ்ச மாசமா மூணு வித மாத்திரை சாப்பிடுதா, ஆனா சட்டுனு வாற கோவம், எல்லாரும் என்னை விட்டுட்டுப் போயிருவீங்கன்னு அழுகை, கையைக் கீறுதது எதுவும் நிக்கல, தூக்கமும் எடையும்தான் கூடியிருக்கு. நிறுத்திரட்டான்னு கேக்கா. என்ன சொல்லட்டும்?
- ஒரு அம்மா, கருங்கல்

பதில்: டாக்டரைப் பாக்காம நிறுத்த விடாதீங்கம்மா. சிலதை டக்குனு விட்டா தலைசுத்தல், படபடப்பு வரும், பதட்டத்துக்குத் தாற அல்பிரசோலம் மாதிரி மாத்திரைய ரொம்ப நாள் சாப்பிட்டுட்டு விட்டா வலிப்பே வரலாம். டாக்டர்தான் கொஞ்சங்கொஞ்சமா குறைக்கணும்.

ஆனா பிள்ளை கேக்குததுல நியாயம் இருக்கு. இந்த நோயையே குணமாக்குத மாத்திரைன்னு ஒண்ணு இன்னும் வரல. பிரிட்டன்ல எந்த நோய்க்கு என்ன சிகிச்சைன்னு வழிகாட்டுத நைஸ் அமைப்பு 2009ல போட்ட வழிகாட்டியிலயே இந்த நோய்க்குன்னு தனியா மருந்து வேண்டாம்னு இருக்கு, மனநிலை ஏறி இறங்காம இருக்கத் தாற லாமோட்ரிஜின் மாத்திரைய இந்த நோய் உள்ளவங்களுக்கு ஒரு வருஷம் கொடுத்துப் பாத்த ஆய்வு 2018ல வந்துச்சு, மருந்தே இல்லாத வெறும் மாத்திரைய விட அது கூடுதலா ஒண்ணும் செய்யல. அப்ப டாக்டர் ஏன் தாறாருன்னா, நிறைய பேருக்கு கூடவே டிப்ரெஷன், பதட்டம் இருக்கும், அதுக்கு மருந்து கேக்கும். அதனால மூணையும் எடுத்துட்டுப் போய் இது எதுக்கு, எத்தனை நாளைக்குன்னு ஒவ்வொண்ணா கேளுங்க, கேக்குதது உங்க உரிமை, கூச்சப்படாதீங்க. எடை கூடுதுன்னு சொல்லி சுகரும் பாத்துக்கிடுங்க. அந்த மூணுல வால்ப்ரோயேட்ங்கிற மாத்திரை இருந்தா கட்டாயம் பேசணும், வயித்துல பிள்ளை உண்டானா அதுக்கு ரொம்ப கேடு.

இதுல நிஜமா கைகொடுக்கது பேச்சு சிகிச்சைதான். அமெரிக்க மனநல நிபுணர் மார்ஷா லினஹான் உருவாக்குன டிபிடின்னு (DBT) ஒரு பேச்சு சிகிச்சை இருக்கு, கோவம் பொங்கி வரும்போது கையைக் கீறாம அந்த நேரத்தைத் தாண்டுததுக்குப் பழக்குவாங்க, மாசக்கணக்குல ஆகும், ஆனா நிறைய பேர் தேறியிருக்காங்க. ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ் மனநலப் பிரிவுல இதுக்கு யாரைப் பாக்கணும்னு விசாரிங்க.

மாத்திரை எல்லாத்தையும் அவ கையில கொடுக்காதீங்க, நீங்க பூட்டி வச்சு அன்னன்னைக்கு உள்ளத எடுத்துக் கொடுங்க. கீறினா திட்டாம காயத்தைக் கழுவிக் கட்டுங்க, ஆழமா இருந்தா ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க. சாவணும்னு வாயில வந்துட்டா சும்மா சொல்லுதான்னு விடாதீங்க, அவளைத் தனியா விடாம உடனே கூட்டிட்டுப் போங்க, ராத்திரி எந்நேரமானாலும் 14416ல அரசாங்க மனநல உதவி லைன் டெலி மானஸ்காரங்க தமிழ்லயே பேசுவாங்க.